எட்டைத் தின்ற பெட்டி

போன கிழமை என் மகள் தன் பழைய மடிக்கணினிக்கு இணையத்தில் தேடிப் பாவித்த ரேம் ஒன்றை வாங்கினாள். எட்டு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பூட்டிப் பார்த்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. "ஏமாத்திட்டாங்கம்மா" என்று கைப்பேசியை எடுத்து விற்றவனைத் திட்டி எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "மொதல்ல பக்கத்துல என்னா போட்டிருக்குன்னு முழுசா வாசி" என்றேன். "ஒங்களுக்கு இதெல்லாம் என்னாம்மா தெரியும்" என்றாள்.

எனக்கா தெரியாது? என் வயதுக் கூட்டாளிகளே, கண்ணாடி இல்லாமல் மருந்துப் போத்தலில் இருப்பதை வாசிக்க முடியாதவர்களே, உங்களிடமாவது சொல்கிறேன், நீங்கள் நம்புவீர்கள். பன்னிரண்டு வயதில் அதே எட்டை முழுதாக வாசிக்காமல் விட்டு, ஒரு மனிதரைக் கள்ளனாக்கி, என் சொந்த அக்காவின் பிழைப்பையே ஆட்டிவைத்தவள் நான்.

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மலை ஏறினால் எங்கள் தோட்டம். தொழிலாளர் வீடுகள் ஒட்டி நின்ற லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்குக் கொழுந்தை அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை. அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தாள். அந்த மழைக்காலத்தில்தான் ஹட்டனில் ஓர் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஐந்து வாரத்தில் சோதனை. கணினியில் தமிழும் இங்கிலீசும் வேகமாக அடித்துக் காட்ட வேண்டும். அக்கா பள்ளிக்கூடத்தில் கணினியைத் தொட்டது மொத்தமாகப் பத்துத் தடவை இருக்கும். அதிலும் நாலு தடவை கரண்ட் இல்லை.

அக்கா எடுபடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆள் வேண்டுமாம், நல்ல மனிதர்களாம். அம்மாவும் பத்து வயதில் அப்படி ஒரு நல்ல மனிதர்களின் வீட்டுக்குப் போய் வந்தவள்தான். அந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் எங்கேயாவது மேசை மணி அடித்தால் உட்கார்ந்திருப்பவள் எழுந்து நின்றுவிடுவாள். வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கேயும். பிறகு சுற்றிப் பார்த்து, சேலையைச் சரிசெய்கிற மாதிரி பாசாங்கு செய்வாள். "பெரியவ அந்தப் பக்கம் போகமாட்டா" என்று மாமாவிடம் சொன்னாள். "சோதன வரைக்கும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

தோட்டத்து ஆபீசில் புதுக் கணினி வந்தபோது பழையதைக் கழித்துப் போட்டார்கள். அப்பா கேட்டு வாங்கி, மழைக்குக் கம்பளியைப் போர்த்தித் தோளில் தூக்கி வந்தார். எங்கள் சந்தோசத்தைக் கேட்க வேண்டுமா. சொருகிச் சுவிட்சைப் போட்டதும் அது பீ, பீ என்று நிறுத்தாமல் கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்த ரேமை ஆபீசிலேயே கழற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. ரேம் இல்லாத கணினி அப்படித்தான் கத்துமாம். பக்கத்துக் காம்பராக் கிழவர், "பசிக்கிதுபோல, என்னாத்தையாச்சும் போடுங்க" என்றார். விசயம் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

ரேம் கிடைக்கும்வரை அக்கா சும்மா இருக்கவில்லை. பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் விசைப்பலகையை அப்படியே கட்டம் கட்டி வரைந்துகொண்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டினாள். டொக் டொக்கென்று அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அட்டையைத்தான் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஹட்டனுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கணினிச் சாமான் கடை. கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெள்ளைத் தொப்பி போட்டு, நூல் கட்டிய கண்ணாடி மாட்டியிருப்பார். பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு ரேமும் பத்திரிகைத் தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. என் சாணைவிட நீளம் குறைந்த பச்சைத் தகடு, கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள். ஓரத்தை மட்டும் பிடித்துத்தான் தூக்கினார்.

"பாவிச்ச சாமான் தங்கச்சி. புதுசுன்னு நான் செல்லல்ல. ஆனா ஓடுறதத்தான் தருவேன்."

மேசையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் கூடு இல்லாத வெறும் போர்டு. ஒரு ரேமைச் சொருகி, சுவிட்சுக்குப் பதிலாகப் போர்டின் இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் முனையால் தொட்டார். பீ, பீ என்றது. அதைத் தூரப் போட்டார். அடுத்ததற்குத் திரையில் எண் ஏறி, பாதியில் அப்படியே நின்றுவிட்டது. அதுவும் போனது. மூன்றாவதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துத் துடைத்துச் சொருகினார். ஒரே ஒரு சின்ன 'பீப்'. எண் விறுவிறுவென்று ஏறி நின்றது. 131072.

"இந்த நம்பர் வந்தா நூத்தி இருவத்தெட்டு எம்பியும் முழுசா ஈக்குன்னு அர்த்தம்" என்று அந்த எண்ணைத் தாளில் எழுதித் தந்தார்.

"இன்னொருக்கா போடுங்க நானா" என்றாள் அம்மா. போட்டார். "இன்னொருக்கா." மூன்று தடவை பார்த்த பிறகு, சூடேறினால் சிலது காலை வாரும் என்று அவரே சொல்லி, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஓடவிட்டு, திரும்பவும் போட்டுக் காட்டினார். அத்தனைக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் எண்ணை உரக்க வாசித்தேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எட்டு வயதிலிருந்து அவள் கண் நான்தான்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். சாயந்தரம் கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது நான் பள்ளிக்கூட உடுப்போடு போய்த் தராசுக்குக் கீழே நிற்பேன். தராசு இருபத்தொன்று காட்டும். கணக்கப்பிள்ளை துண்டுச் சீட்டில் பதினெட்டு என்று போடுவார். கேட்டால் தண்ணிக்கு, சாக்குக்கு, முற்றலுக்கு என்று வாயால் வரிசையாகச் சொல்வார். அம்மா எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: "நம்பர மட்டும் பாரு. பக்கத்துல சொல்றதெல்லாம் அவங்க சாக்குப்போக்கு." இன்னொரு சட்டமும் அவளிடம் இருந்தது. சண்டை தீராமல் சாக்கை லொறியில் கொட்டக் கூடாது. கொட்டிவிட்டால் அவர்கள் சொன்ன நிறையை நாம் ஒத்துக்கொண்டதாகிவிடும், அப்புறம் வாயைத் திறக்க முடியாது. சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு லொறியை அரை மணி நேரம் மறித்து வைத்தவள் என்று அம்மாவுக்கு மூன்று டிவிசனிலும் பெயர்.

வீட்டுக்கு வந்து அப்பா ரேமைப் பூட்டினார். லயத்தில் பாதிப் பேர் எங்கள் காம்பராவில். ஒரே 'பீப்'. எல்லாரும் கைதட்டினார்கள். எண் ஏறியது, நின்றது.

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

"122880" என்று வாசித்தேன்.

நானா எழுதித் தந்த தாளை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். 8192 குறைந்தது. "எட்டாயிரத்துச் சொச்சம் கொறையுதும்மா" என்றேன், கணக்கில் கெட்டிக்காரி என்ற திமிரோடு.

இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணோடு வரி முடியவில்லை. பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும், ஒரு எட்டும், இரண்டு இங்கிலீசு வார்த்தைகளும் இருந்தன. என் கண்ணில் பட்டது. பட்டும் வாசிக்கவில்லை. எண் கிடைத்துவிட்டது, பக்கத்தில் இருப்பது சாக்குப்போக்கு. என்னை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

அம்மா சுவிட்சை அணைத்தாள். "காட்டுனது ஒண்ணு, சுத்திக் குடுத்தது ஒண்ணு" என்றாள்.

"அம்மா, ஓடுதும்மா. கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது, நான் அடிச்சுப் பழகுறேன்" என்று அக்கா கெஞ்சினாள்.

"பாவிச்சிட்டுக் கொண்டுபோனா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவாங்க. கொட்டிட்டா பேச்சு இல்லடி."

அப்பாவைக் கழற்றச் சொல்லி, ரேமைத் தாளில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். அக்கா அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் டொக் டொக்.

அடுத்த ஞாயிறு கடையில் நல்ல கூட்டம். அம்மா நேரே போய் ரேமை மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னாள். நானா தன் போர்டில் போட்டுக் காட்டினார். 131072.

"முழுசா ஈக்கே தங்கச்சி."

"ஒங்க தராசுல எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "என்ட போர்டுல திரைக்குன்னு தனியா கார்ட் ஈக்கு. ஒங்கட பெட்டில அது ஈக்காது. அதனால படம் காட்டுறதுக்கு ரேம்ல கொஞ்சத்த அதுவே எடுத்துக்கும். எடுத்தத பக்கத்துலயே எழுதியும் காட்டும். புள்ளக்கி வாசிக்கத் தெரியும்தானே, கேட்டுப் பாருங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள்.

"எழுதியிருந்துச்சா?"

வாசிக்காமல் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அம்மாவின் கண். கண் பாதியைத்தான் பார்த்தது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். அம்மா பிடித்துக்கொண்டாள். "இருவது வருசமா தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிச்சாங்க. இப்ப திரைக்காம். தொப்பியும் போட்டுக்கிட்டு கள்ளத் தராசு வச்சிருக்கீங்களே நானா." மவுஸ் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பெட்டியக் கொண்டாங்க தங்கச்சி" என்றார். "ஒங்கட பெட்டிலயே வச்சிப் பாப்போம்."

அந்த இரண்டாவது வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் இல்லை. எனக்குத் தெரியும். அக்காவுக்கு மூன்று வாரந்தான் மிச்சம் என்றும் தெரியும். அட்டையில் எழுத்தெல்லாம் விரல் பட்டு அழிய, அக்கா பேனையால் திரும்பத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், சோற்றைப் போட்டு மூடிக்கொள்வேன். அப்பா மட்டும் ஒருநாள், "எட்டாயிரம் போனாப் போகுது, விடேன்" என்றார். "ஒங்களுக்குப் போகும். எனக்குப் போகாது" என்றாள் அம்மா. அப்போது எனக்கு அவள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது, பாருங்கள்.

மூன்றாவது ஞாயிறு அம்மா அந்தப் பெட்டியைக் கொழுந்துச் சாக்கில் போட்டுக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகில் ஏற்றினாள். அடைமழை. சாக்குக்கு மேலே, கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்கை மூடி, ஸ்டேசன்வரை அப்படியே இறங்கினாள். ரயிலில் ஒரு ஐயா, "என்னாம்மா, கொழுந்த ஹட்டனுக்கு எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். "நிறுக்க" என்றாள்.

மழையினால் கடையில் ஈ, காக்கை இல்லை. நானா பெட்டியைத் திறந்து ரேமைப் போட்டு, எண் வந்து நின்ற உடனே ஒரு விசையை அழுத்தித் திரையை அப்படியே நிறுத்தினார். 122880.

"இப்ப எல்லாத்தையும் வாசி" என்றாள் அம்மா.

நான் வாசித்தேன். எண்ணை, கூட்டல் குறியை, எட்டை. அதற்குப் பிறகு இருந்த இரண்டு வார்த்தைகளையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பகிர்ந்துகொண்ட நினைவகம் என்று அர்த்தம். "கொறஞ்ச எட்டாயிரந்தான் அந்த எட்டு" என்றார் நானா. டின்னிலிருந்து வேறு இரண்டு ரேமையும் எடுத்துப் போட்டுக் காட்டினார். அவற்றிலும் அதே எட்டுத்தான் குறைந்தது, அதே எட்டைத்தான் பக்கத்தில் எழுதியது.

அம்மா திரைக்குக் கிட்டப் போய் அந்த எட்டை விரலால் தொட்டாள்.

"எடுக்குறத எடுத்தேன்னு அதுவே எழுதுதா?"

"ஆமா தங்கச்சி. ஒவ்வொரு தரமும்."

"எங்க மடுவத்துல எழுதமாட்டாங்க" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "தப்பு என் மேலதான் நானா" என்றாள்.

நானா ரேமைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னக்கி நாலு பேர் ஈந்தாங்க. இன்னக்கி கேக்க ஆரும் இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. அம்மா பெட்டியைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, கடை வாசலில் நின்றுகொண்டாள். வயர் வாங்க வந்த ஒரு மாஸ்டரை மறித்து, "போன கெழம நான் இவரக் கள்ளன்னு சொன்னேன். அவரு கள்ளன் இல்ல. எனக்குத்தான் தெரியல" என்றாள். அவர் பயந்துபோனார். அடுத்து வந்த சிங்களப் பையனிடம் அதையே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். மூன்றாவதாக வந்த பெண் கடையே மாறி வந்துவிட்டார், அவரையும் விடவில்லை. நானாவுக்குத் தாங்கவில்லை. "போதும் தங்கச்சி, வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நாலு பேர்னு சொன்னீங்க. மூணுதான் ஆச்சி."

நாலாவது ஆள் வரும்வரை நின்றாள். நாங்கள் ஒரு ரயிலை விட்டோம்.

திரும்பும்போது ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். முகம் தெரியாத அந்த இருட்டில் நான் சொல்லிவிட்டேன். "அம்மா, மொதல் நாளே அது என் கண்ணுல பட்டுச்சு. வாசிக்காம விட்டுட்டு அங்க 'இல்ல'ன்னு சொல்லிட்டேன்." சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"நம்பர மட்டும் பாருன்னு வளத்தது நான்" என்றாள். "இல்லன்னு பொய் சொன்னது நீ. ரெண்டையும் அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். அக்கா அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "இனிமே நான் அடிக்கிறத நீ பக்கத்துல குந்திக்கிட்டு வாசி. ஒரு புள்ளி விடாம" என்றாள். மிச்சமிருந்த இரண்டு வாரமும் குந்தியிருந்து வாசித்தேன், முதுகு ஒடிய.

இடையில் மடுவத்திலும் ஒன்று நடந்தது. கணக்கப்பிள்ளை வழக்கம்போல மூன்றைக் கழித்தார். அம்மா சண்டை போடவில்லை. "எடுங்க. ஆனா மூணு எடுத்தேன்னு துண்டுல பக்கத்துல எழுதுங்க" என்று சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சிரித்தார். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். நாலாம் நாள் வரிசையில் பின்னால் நின்ற பெண்களும் சாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதினார். எழுத வேண்டி வந்ததும் மூன்று எப்படியோ ஒன்றாகிவிட்டது.

அக்கா சோதனையில் எடுபடவில்லை. வேகம் கொஞ்சம் போதாதாம். இன்னும் இரண்டு வாரம் பழகியிருந்தால் போதுமென்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஆள் எடுத்தார்கள். அக்கா எழுதினாள், எடுபட்டாள், இன்றைக்கு அதே அலுவலகத்தில் அவளுக்குக் கீழே நாலு பேர். ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது, முதல் முடிவு வந்த கையோடு மாமா வந்து நின்ற மத்தியானம்.

"சோதனையும் முடிஞ்சிருச்சி. அந்த வீட்டுல ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அவளுக்கு அஞ்சு வாரம் இருந்துச்சி. அதுல ரெண்டு வாரத்த எடுத்தது நான். என்னோட வீம்புக்கு எடுத்தேன். எடுத்தவ எடுத்தேன்னு சொல்லணும்ல? சொல்லிட்டேன். அவ திரும்ப எழுதுவா."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அதுக்கும் திரும்ப எழுதுவா. எம்புள்ள மணிச் சத்தத்துக்கு எந்திரிச்சி நிக்கமாட்டா."

அந்த வீட்டைப் பற்றி அம்மா எங்கள் முன்னால் சொன்னது அது ஒன்றுதான். மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அம்மா அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பெரியவளே, பொட்டியப் போடு. சின்னவளே, வாசி."

அக்கா சுவிட்சைப் போட்டாள். எண் ஏறி நின்றது. நான் எண்ணை வாசித்தேன், கூட்டல் குறியை வாசித்தேன், எட்டை வாசித்தேன், அதற்கப்புறம் இருந்த இரண்டு வார்த்தைகளையும் வாசித்தேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அம்மா தலையாட்டினாள்.

"அப்ப சரி. கொட்டுடி" என்றாள் அக்காவிடம்.